நடந்தது ஞாபகம் இருக்குமா, மாட்டுக்கும் நாய்க்கும்?

கேள்வி: கிருஷ்ணகிரி வாசகர், ஜனவரி 4

எங்க நாய் குட்டியா இருந்தப்ப கே.ஆர்.பி. டேம் பக்கத்துல வாய்க்கால்ல விழுந்துடுச்சு. அண்ணன் இறங்கித் தூக்குனாரு. மூணு வருஷம் ஆகுது. இன்னைக்கும் அந்த வாய்க்கால் கிட்ட போனா நாலு காலையும் ஊனிக்கிட்டு நகராது. அன்னைக்கு நடந்ததை அது மனசுல ஓட்டிப் பாக்குதுன்னு நான் சொல்றேன். நடந்ததை நினைச்சுப் பாக்குறது மனுசனால மட்டும்தான் முடியும்னு காலேஜ்ல எங்க சார் சொல்றாரு. யாரு சொல்றது சரி?

ஜனவரி 4, இரவு

தம்பி, உங்கள் நாய் அந்த வாய்க்காலை மறக்கவில்லை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் விழுந்த அந்த நாளை அது நினைத்துப் பார்க்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நீங்களும் உங்கள் சாரும் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம்.

பயம் இருக்க, நடந்தது நினைவில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மனுசனிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். ஜெனீவாவில் எட்வார்ட் கிளாபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். சற்று முன் நடந்தது எதுவும் அவருக்குத் தங்காது, தினம் பார்க்கும் டாக்டரையே புதுசாகப் பார்ப்பார். ஒருநாள் டாக்டர் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கை கொடுத்தார். குத்தியது. அதுவும் அந்த அம்மாவுக்கு மறந்துபோனது. பிறகு டாக்டர் கை நீட்டியதும் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், கையில் ஊசி ஒளித்து வைத்திருப்பவர்களும் உண்டே என்கிற மாதிரி ஒரு பதில்தான் வந்தது. எனக்கு நேற்று குத்தியது என்று சொல்ல அவரால் முடியவில்லை. கிளாபரேட் இதை 1911இல் எழுதி வைத்தார்.

உங்கள் நாய் அந்த அம்மா மாதிரி இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். வாய்க்கால் ஓரம் கால் ஊன்றி நிற்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஜனவரி 5, காலை

நினைவை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசியவர் கனடாவில் இருந்த உளவியலாளர் எண்டல் டல்விங். 1972இல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 என்று தெரிந்திருப்பது ஒரு வகை. அந்த வருஷம் உங்கள் அக்கா கல்யாணத்தில் பந்தியில் நின்று சாம்பார் ஊற்றியது இன்னொரு வகை. முதலாவதை எங்கே, எப்போது கற்றோம் என்றே தெரியாமல் வைத்திருக்கிறோம். இரண்டாவதில் நாம் அங்கே நின்றுகொண்டிருக்கிறோம். அதுதான் சம்பவ நினைவு.

இரண்டும் தனித்தனி என்பதற்கு டொராண்டோவில் ஓர் ஆள் சாட்சி. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர். ஆய்வுக் கட்டுரைகளில் அவரைக் கே.சி. என்றே குறிப்பிடுகிறார்கள். சதுரங்கம் ஆடத் தெரியும், தன் வீடு எது என்று தெரியும், தம்பி இறந்துபோனதும் தெரியும். ஆனால் அந்தச் சாவுச் செய்தியைக் கேட்ட நாளையோ, வாழ்க்கையில் வேறு எந்த ஒரு நாளையோ அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அறிவு முழுசாக இருந்தது, நடந்தவை எதுவும் இல்லை.

நாய், மாடு, யானையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவதைத்தான் தேடுகிறோம். முதலாவது அவற்றுக்கு ஏராளமாக உண்டு. அதற்கு விவாதமே வேண்டாம்.

ஜனவரி 5, இரவு

பாலக்கோட்டிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "ஊசி போடற ஆளை மாடு ஜென்மத்துக்கும் மறக்காது, நீங்களே பாத்திருப்பீங்களே." பார்த்திருக்கிறேன். கால்நடை ஆய்வாளராகச் சர்வீஸ் முழுக்க கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவன் நான். அதனால்தான் இந்தப் பேச்சை விட மனசு வரவில்லை.

ஒரு கறவை மாடு என் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வரும். அதே வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்காக வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். பக்கத்தில் போய் நின்றேன். கையை நக்கியது. அது பயந்தது மொபெட்டுக்கு.

இன்னொன்று ஆலம்பாடி மாடு. அதற்கு என்னைக் கண்டாலே ஆகாது. எந்த உடுப்பில் போனாலும் கொம்பைச் சாய்க்கும். மூன்றாவது ஒரு கிடாரி, என்னைப் பற்றிக் கவலையே படாது, ஆனால் ஊசி போடக் கட்டிய வேப்பமரத்தடிக்கு மட்டும் வராது. வீட்டுக்காரர் இழுத்தாலும் வராது.

சத்தம், ஆள், இடம். ஒவ்வொரு மாடும் அந்தச் சம்பவத்திலிருந்து ஒரு துண்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால், அதாவது இந்த ஆள், இந்த மரத்தடியில், அன்று, இதைச் செய்தான் என்று சேர்த்து வைத்திருந்தால்தான் அது சம்பவம். அப்படி வைத்திருந்தனவா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியாது. கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 6

1998இல் நிக்கோலா கிளேட்டன், ஆந்தனி டிக்கின்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு. பறவை அமெரிக்காவின் ஸ்க்ரப் ஜே. காக்கைக் குடும்பம், நீல நிறம், கிடைத்த தீனியை மண்ணில் ஒளித்து வைத்துப் பிறகு வந்து எடுக்கும் பழக்கம் உண்டு. அதற்கு மெழுகுப்புழு என்றால் உயிர், வேர்க்கடலை இரண்டாம்பட்சம்.

மணல் நிரப்பிய தட்டுகளில் புழுவை ஓர் இடத்திலும் கடலையை வேறு இடத்திலும் பறவைகள் ஒளித்தன. 4 மணி நேரம் கழித்து விட்டால் நேராகப் புழு வைத்த இடத்துக்குப் போயின. 124 மணி நேரம், அதாவது ஐந்து நாளுக்கு மேல் கழித்து விட்டால் புழு அழுகியிருக்கும். அப்போது கடலைப் பக்கம் போயின. வாசனை பிடித்துப் போகாமல் இருக்க, தேட விடும் முன்பே ஒளித்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் புது மணல் போட்டிருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. இன்னொரு கூட்டம் பறவைகளுக்கு, புழு அழுகும் என்று தெரிய வாய்ப்பே தரவில்லை. ஒவ்வொரு முறையும் புதுப் புழுவை மாற்றி வைத்தார்கள். அந்தப் பறவைகள் 124 மணி நேரம் கழித்தும் புழுவையே தேடின. ஆக, நேரமானால் கடலை ருசிக்கும் என்று ஏதோ பிறவிக் கணக்கு இல்லை. எதை வைத்தோம், எங்கே வைத்தோம், எவ்வளவு நேரத்துக்கு முன் வைத்தோம், மூன்றும் ஒரே முடிச்சில் இருந்தது. என் மூன்று மாடுகளிடமும் தனித்தனியாகப் பார்த்ததை இந்தப் பறவை ஒன்றாக வைத்திருந்தது.

இவ்வளவு செய்தும் அவர்கள் "சம்பவ நினைவு போன்றது" என்றுதான் எழுதினார்கள். அந்தப் "போன்றது" என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். பறவை தன்னை அந்த நாளில் நிற்பதாக உணர்கிறதா என்பதை மணல் தட்டு சொல்லாது.

ஜனவரி 7

"காக்கைக்கு எமன் மூளை, நாய்க்கும் மாட்டுக்கும் அது ஒத்துவராது" என்று ஒருவர். காக்கையும் ஜேயும் கெட்டி என்பது உண்மை. ஆனால் இந்த மாதிரி சோதனையில் எலி தேறியிருக்கிறது. கடலில் வாழும் கணவாயும் தேறியிருக்கிறது. முதுகெலும்பே இல்லாத ஜீவன். 2021இல் வந்த ஆய்வில், ஆயுசு முடியப்போகிற கிழக் கணவாய்கள்கூட எதை, எங்கே, எப்போது தின்றோம் என்பதில் இளசுகளுக்குக் குறைவில்லாமல் இருந்தன. மனுசனுக்கு வயதானால் முதலில் போவதே அதுதான்.

ஜனவரி 9, இரவு

தேன்கனிக்கோட்டை அக்கா கேட்டது: "ராகி கதிர் முத்துற நாளு யானைக்கு எப்படித் தெரியுது? போன வருஷம் வந்தது ஞாபகம் வெச்சுத்தானே வருது?"

அக்கா, நீங்கள் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டின ஆள், உங்களுக்கு நான் யானையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று வருஷா வருஷம் பனிக்காலத்தில் கூட்டம் இறங்குகிறது. வழி தெரியும், பருவம் தெரியும், எந்தக் கொல்லையில் காவல் இல்லை என்பது முதற்கொண்டு தெரியும். ஆனால் இது மூத்த பெண்யானை பின்னால் நடந்து கற்ற வழியறிவாக இருக்கலாம். நாம் ஓசூருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிறோமே, முதல்முதலாகப் போன நாளை நினைத்துக்கொண்டா ஏறுகிறோம்?

யானைகளில் இதைவிட ஒரு படி மேலே போகும் செய்தி ஒன்று உண்டு. தான்சானியாவில் தரங்கிரே பூங்கா. 1993இல் கடும் வறட்சி. பார்த்துக்கொண்டிருந்த மூன்று கூட்டங்களில் 81 கன்றுகளில் 16 செத்தன. பூங்காவை விட்டு வெளியே போன கூட்டங்களில் சாவு குறைவு, உள்ளேயே தங்கிய கூட்டத்தில் அதிகம். வெளியே நடத்திக்கொண்டு போனவை மூத்த பெண்யானைகள் இருந்த கூட்டங்கள். அந்தப் பக்கம் இதற்கு முன் அதே மாதிரி பஞ்சம் வந்தது 1958 முதல் 1961 வரை. அப்போது கன்றாகவோ இளசாகவோ இருந்து அதைத் தாண்டியவை இவை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தங்கிவிட்ட கூட்டத்தில், வயதான யானைகளைத் தந்தத்துக்காக முன்பே சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல். ஒரே ஒரு பஞ்சம். தினமும் நடந்து பழகிய வழி இல்லை. இதை வெறும் பழக்கம் என்று தள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சமயம் அந்தக் கிழட்டு யானை சின்ன வயதில் அம்மா பின்னால் நடந்த நாளை நினைத்துத்தான் கிளம்பியது என்று எழுதவும் முடியவில்லை.

ஜனவரி 10, அதிகாலை

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. வேறு ஒரு யானை மனசில் நின்றுகொண்டிருக்கிறது.

2023 பிப்ரவரியில் நம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு மக்னாவை, அதாவது தந்தம் இல்லாத ஆண்யானையைப் பிடித்தார்கள், ஞாபகம் இருக்கும். பிடிக்க வந்த கும்கி சின்னத்தம்பி. மக்னாவை லாரியில் ஏற்றி ஆனைமலையில் வரகளியாறு காட்டில் விட்டார்கள். அது அங்கே இருக்கவில்லை. பொள்ளாச்சி தாண்டி, கோயம்புத்தூர் ஓரம்வரை நடந்துவந்தது. அதே மாதம் மறுபடி பிடித்தார்கள்.

இதில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை: அந்தச் சின்னத்தம்பி யார்? 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பயிரை மேய்கிறது என்று பிடித்து, இதே வரகளியாற்றில் விடப்பட்டது. சில நாளிலேயே அதுவும் காட்டை விட்டு இறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, கூண்டில் வைத்துப் பழக்கிக் கும்கி ஆக்கினார்கள். மயக்க ஊசி, கயிறு, கும்கிகள் இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளுவது, லாரி எல்லாம் அதற்கு நடந்தது. நான்கு வருஷம் கழித்து நம் ஊரில் இன்னொரு யானைக்கு அதே ஊசி, அதே கயிறு, அதே லாரி. இந்த முறை பக்கத்தில் நின்று தள்ளியது சின்னத்தம்பி.

எனக்கு இப்படித்தானே செய்தார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்குமா?

இந்த இழையில் நான் கேட்க நினைத்த கேள்வியே இதுதான், தம்பி, உங்கள் நாயை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். பதில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று நேர்மையாக யோசித்தால், பாகன் சொல்வது போதாது, என் நெஞ்சு அடைப்பதும் போதாது. யானை நடுங்கினால் பயம் என்போம். அமைதியாக நின்றால் பழகிவிட்டது என்போம். எந்தப் பக்கம் நடந்தாலும் இரண்டு விளக்கமும் பொருந்துகிறது. பொருந்தாத மாதிரி ஒரு சூழ்நிலை அமைந்தால்தான் உண்மை வெளியே வரும்.

ஜனவரி 10, மதியம்

மாரண்டஹள்ளியில் மின்வேலியில் 2023 மார்ச்சில் மூன்று யானைகள் செத்தபோது உயிரோடு நின்ற இரண்டு குட்டிகளைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த யாருக்கும் அந்தக் காட்சி போகாது. குட்டிகளுக்கும் அது போகாமல் இருக்குமா என்பதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த வயதில் மனுசக் குழந்தைக்கே நடந்தது தங்காது. மூன்று, நான்கு வயதுக்கு முந்தினது நம்மில் அநேகமாக யாருக்கும் இல்லை. அதற்காக அந்த வயதில் பட்டது ஒன்றும் செய்யாமல் போய்விடும் என்று அர்த்தம் இல்லை. பயம் தங்கும். கிளாபரேட்டின் நோயாளியை மறுபடி படியுங்கள்.

ஜனவரி 12

பொருந்தாத சூழ்நிலை என்று எழுதினேன். அதை நாயிடம் அமைத்துக் காட்டியவர்கள் ஹங்கேரியில் இருக்கிறார்கள். கிளாடியா ஃபுகாட்ஸா, ஆடம் மிக்லோஷி குழு, 2016.

முதலில் நாய்க்கு "நான் செய்ததைச் செய்" என்று பழக்கினார்கள். எஜமானர் நாற்காலியைத் தொட்டால் நாயும் தொடும். குடையைத் தொட்டால் நாயும் தொடும். இது நன்றாகப் பழகியதும் ஆட்டத்தை மாற்றினார்கள். எஜமானர் என்ன செய்தாலும் சரி, பார்த்து முடித்ததும் படுக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப இதையே செய்து, இனிமேல் பார்ப்பதை ஞாபகம் வைக்க வேண்டிய வேலை இல்லை, படுத்தால் போதும் என்று நாய்க்கு ஆகிவிட்டது. எஜமானர் எதையோ செய்கிறார், நாய் பேசாமல் படுக்கிறது. பிறகு ஒருநாள் திடீரென்று: "செய்!"

17 நாய்கள். ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டபோதும் பல நாய்கள் எழுந்துபோய் எஜமானர் செய்ததைச் செய்தன. ஒரு மணி நேரம் கழித்தும் சில செய்தன, குறைந்த அளவில். நேரமாக ஆகத் தேய்ந்தது. பயிற்சி கொடுத்துப் பதிய வைத்த வித்தை இப்படி ஒரு மணி நேரத்தில் தேயாது, பார்த்தது மட்டும்தான் இப்படித் தேயும்.

எதிர்பாராமல் கேட்பதுதான் இதில் உயிர். பரீட்சை வரும் என்று தெரிந்தால் எதையும் உருப்போட்டு வைக்கலாம். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன சட்டை என்று யாராவது திடீரென்று கேட்டால், உருப்போட்டது கைகொடுக்காது, அந்த பஸ்ஸுக்கு மனசால் திரும்பிப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

ஜனவரி 12, இரவு

எங்கள் வீட்டு நாயைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். சங்கிலியில் கிடந்தபோது பேரன் தேங்காய்ச் சில்லை வைக்கோல் போரில் செருகினான், நாய் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொல்லைக்குக் கூட்டிப்போய்விட்டோம். சாயங்காலம் வந்து அவிழ்த்துவிட்டதும் நேராக வைக்கோல் போர். பேரனுக்கு ஒரே கைதட்டல். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் செருகும்போதே அது நாக்கைத் தொங்கப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது, அப்போதே எடுக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஹங்கேரி நாய்களுக்கு அந்த முடிவு கிடையாது. அதனால் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஜனவரி 14

பென்னாகரம் நண்பர், போச்சம்பள்ளி சந்தையில் விற்ற மாடு பல வருஷம் கழித்துப் பழைய எஜமானைக் கண்டு கத்தியதை எழுதியிருக்கிறார். நம்புகிறேன். அடையாளம் தெரிவதில் விலங்குகள் நம்மைத் தோற்கடிக்கும். டார்வின் தன் நாயிடம் வேண்டுமென்றே இதைச் சோதித்தார். ஐந்து வருஷமும் இரண்டு நாளும் ஊரில் இல்லாமல் கப்பலில் போய்த் திரும்பியவர், லாயத்தருகே போய்ப் பழையபடி குரல் கொடுத்தார். நாய் துள்ளவில்லை, குதிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்தான் பிரிந்த மாதிரி எழுந்து கூட நடந்தது. லூயிஸ் என்ற போனோபோ குரங்கு 26 வருஷத்துக்கு மேல் பார்க்காத தன் சகோதரியின் படத்தில் கண்ணை ஓட்டி நின்றதை 2023இல் பதிவு செய்திருக்கிறார்கள். டால்பின்கள் 20 வருஷத்துக்கு முன் கூட இருந்ததன் விசில் ஒலியைக் கேட்டு நெருங்கி வருகின்றன.

பார்த்தால் தெரிகிறது என்பது ஒன்று. எதிரில் இல்லாதபோது நினைப்பு வருகிறதா என்பது இன்னொன்று. டார்வின் நாய், அவர் குரல் கேட்காத அந்த ஐந்து வருஷத்தில் எந்த இரவாவது அவரை நினைத்ததா? என் மனசை இழுப்பது இதுதான்.

ஜனவரி 17, இரவு

இதற்கு மூளைக்குள் போய்ப் பார்த்தவர்கள் ஓரளவு பதில் வைத்திருக்கிறார்கள். ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி. 1953இல் வலிப்புக்காக ஹென்றி மொலேசன் என்பவருக்கு மூளையில் இரண்டு பக்கமும் இதை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் 2008இல் சாகும்வரை அவருக்கு எந்தப் புதுச் சம்பவமும் தங்கவில்லை. அதே பகுதியில், எலி இருக்கும் இடத்தைப் பொறுத்துத் துடிக்கும் செல்களை ஜான் ஓகீஃப் 1971இல் கண்டார். இந்த மூலைக்கு ஒரு செல், அந்த மூலைக்கு ஒரு செல். 2014இல் நோபல் கிடைத்தது.

1994இல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் பார்த்தது: பகலில் எலி நடந்த பாதையில் சேர்ந்து துடித்த செல்கள், அது தூங்கும்போது மறுபடி சேர்ந்து துடித்தன. பிறகு வந்த ஆய்வுகளில் வரிசையும் தெரிந்தது. விழித்திருக்கும்போதே, ஓடி முடித்து நிற்கிற எலியின் மூளையில், வந்த பாதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தலைகீழாக ஓடியது. எதிரில் பாதை இல்லை, எலி அசையவில்லை, உள்ளே பாதை ஓடுகிறது.

தம்பி, "மனசுல ஓட்டிப் பாக்குது" என்று முதல் நாள் எழுதினீர்கள். எலியிடம் செல் அளவில் அப்படி ஒன்று உண்மையாகவே நடக்கிறது. அதை எலி பார்க்கிறதா, இல்லை அது பாட்டுக்கு ஓடுகிறதா என்பதை மூளைக்குள் செருகிப் பார்க்கும் மின்கம்பி காட்டாது. ஆனால் உங்கள் சார் "மனுசனால மட்டும்தான்" என்று அடித்துச் சொன்னதற்கு இனி பலம் குறைவு. நாய்க்கும் மாட்டுக்கும் யானைக்கும் அதே ஹிப்போகாம்பஸ் இருக்கிறது.

ஜனவரி 18

"பேச்சு இல்லாத ஜீவனுக்கு 'நான்' கிடையாது, 'நான்' இல்லாமல் எனக்கு நடந்தது என்பது எப்படி" என்று கேட்டவருக்கு: டல்விங்கே உங்கள் கட்சி. அவர் மனுசனுக்கு மட்டும் என்றே சொன்னார். 2006இல் நியூயார்க் பிராங்ஸ் பூங்காவில் ஹாப்பி என்ற யானை கண்ணாடியில் பார்த்துத் தன் தலையில் போட்ட வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் தொட்டது. அதை "நான்" என்று சொல்லலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நான் அதில் நிற்கப்போவதில்லை.

ஜனவரி 20, இரவு

நேற்று எழுதாததற்கு அம்மாதான் காரணம். உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை.

அவருக்கு மறதி வந்து நாளாகிறது. காலையில் நான் கூட உட்கார்ந்து காபி குடித்தது மதியம் இருக்காது. "எப்ப வந்த?" என்பார். ஆனால் அடுப்பில் உலை கொதித்து ராகி மாவைக் கொட்டினால், துடுப்பை யார் கையிலிருந்தும் பிடுங்கிக்கொள்வார். கட்டி தட்டாமல் களி கிண்டுவதில் இன்றைக்கும் வீட்டில் அவருக்கு இணை இல்லை. என் பெயர் தெரியும். நான் மூத்தவன் என்று தெரியும். என் கல்யாணத்தில் நடந்தது கேட்டால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்.

இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் கே.சி.யைப் பற்றிப் படித்தது எனக்கு ஏறியது. இன்னொன்றும் ஏறியது. சம்பவம் போய்விட்டவரிடம் போகாமல் நிற்பது எவ்வளவு! பாசம் நிற்கிறது, கை நிற்கிறது, யாரை நம்பலாம் என்பது நிற்கிறது. தொழுவத்துப் பசு அவர் சேலை தெரிந்தால் தலையை நீட்டுகிறது, அவர் அதன் கழுத்தைச் சொறிகிறார். பசு நேற்றை நினைக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் நேற்றை நினைக்கவில்லை. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிகிறது.

அதனால் விலங்குக்குச் சம்பவ நினைவு இல்லை என்று நாளைக்கே நிரூபணம் ஆனாலும், அதைக் குறைவாக நினைக்க அது காரணமாகாது என்றே எனக்குப் படுகிறது. கேள்வியை விடவில்லை. சின்னத்தம்பியைப் பற்றி எனக்கு இன்னும் தெரிந்தாகவேண்டும்.

ஜனவரி 21

கிருஷ்ணகிரி தம்பி, உங்கள் நாய்க்கு ஒரு சோதனை. வாய்க்காலுக்கு இழுக்காதீர்கள். வேறு ஊரில், வேறு வாய்க்கால், அதே மாதிரி கரை இருந்தால் கொஞ்ச தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கும் ஊன்றினால் ஓடும் தண்ணீருக்குப் பயம். ஊன்றாவிட்டால் அந்த இடத்துக்குப் பயம். பழைய இடத்துக்கு அண்ணன் கூட வரும்போதும் வராதபோதும் வித்தியாசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தூக்கிய ஆள் அவர்தானே. வந்தால் தைரியமாக நின்றால், விழுந்தது மட்டும் இல்லை, தூக்கியதும் கூடவே தங்கியிருக்கிறது. அப்போதும் சம்பவம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றுக்கு இரண்டு துண்டு ஆயிற்று.

ஜனவரி 23

தருமபுரி மாணவி ஒருவர் ஜே சோதனையை மாடியில் காக்கையிடம் செய்யலாமா என்கிறார். செய்யலாம்மா. வடைத் துண்டை ஓட்டிடுக்கில் செருகிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நாலு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவதற்குக் கறிக்கடையில் கிடைக்கும் ஈரல் துணுக்கு, கெடாததற்கு வேர்க்கடலை. கருவாடு வேண்டாம், அது லேசில் கெடாது. ஒளித்துவிட்டுப் போனதும் நீங்கள் ஏறிப்போய் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூக்கா ஞாபகமா என்று தெரியாது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தால் எங்கே முதலில் கொத்துகிறது, இரண்டு நாள் கழித்து வந்தால் எங்கே கொத்துகிறது என்று குறியுங்கள். ஈரல் கெட்டுப்போகும் என்று அதற்குத் தெரிந்திருக்கவும் வேண்டும், அதனால் முதல் சில தடவை எடுக்காமல் விட்டு, அழுகினதை அதுவே கண்டுகொள்ளட்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டம், ஒளித்த காக்கையும் தேடும் காக்கையும் ஒன்றுதானா என்பது. பிடித்துக் கட்டிச் சாயம் பூசும் வேலை கூடாது. கால் நகம் வளைந்ததோ, இறகு ஒன்று வெளுத்ததோ, அலகில் கீறல் உள்ளதோ உங்கள் தெருவில் ஒன்றாவது இருக்கும். முதல் வாரம் தீனியே வைக்க வேண்டாம், அந்த ஒன்றைக் கண்டுபிடித்து அது எந்த நேரம் வருகிறது என்று மட்டும் எழுதுங்கள்.